சவேரியம்மாள் கடைசியாகச் சொன்னது

போன மாதம் ஷெரில் போன் செய்தாள். மலேசியாவில், கிள்ளானில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த மாதா கோயில் பங்கு அலுவலகத்தில் இப்போது அவள்தான் காரியதரிசி. ஆஸ்பத்திரியில் ஒரு வியட்நாம் தொழிலாளி படுத்திருக்கிறார், பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்கிறார், ஃபாதருக்கு அவருடைய மொழி தெரியாது என்றாள்.

"போன்லயே மொழிபெயர்க்கிற ஆப் இருக்கே ஆன்டி. அதை வச்சுக் கேட்டுடலாமான்னு ஃபாதர் யோசிக்கிறாரு. முன்னாடி நீங்கதானே இந்த வேலையும் பார்த்தீங்க. என்ன சொல்றீங்க?"

வேண்டாம், எப்படியாவது அந்த மொழி பேசுகிற ஆளைத் தேடுங்கள் என்றேன். போன் கேட்டதை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"மனுஷங்க மட்டும் பத்திரமா வச்சுக்குவாங்களா ஆன்டி?" என்று சிரித்தாள்.

வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அவளுக்காக எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் பிறந்தவள். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். படிப்பு முடிந்து டைப்பிங் கற்றுக்கொண்டு இரண்டு கம்பெனிகளில் இருந்தேன். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்த பிறகு பங்கு அலுவலகத்தில் ஆள் கேட்டார்கள் என்று போனேன். ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, இறப்புப் பதிவேடு, கல்லறை இடங்களின் வரைபடம், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத்தாள். இதுதான் என் வேலை. முதல் பத்து வருடம் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு எங்கள் பங்கில் இருந்த தமிழ் ஃபாதருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் ஃபாதர் டொமினிக், ஈப்போவைச் சேர்ந்த சீனர். ஆறடி உயரம், மெல்லிய குரல். ஆங்கிலம், மலாய், கன்டோனீஸ் எல்லாம் தெரியும். தமிழில் "சரிம்மா" மட்டும் தெரியும். ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு ஃபாதர் வந்துபோவார். ஆனால் சாவு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த கிழவிகளுக்குப் பாசாரில் மீன் விலை கேட்கிற அளவுக்கு மலாய் வரும். பாவத்தைச் சொல்லுகிற அளவுக்கு வராது.

ஒரு நாள் ஃபாதர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். முக்கியமாக ஏதாவது கேட்பதற்கு முன் அப்படிச் செய்வார்.

"ரெஜினா, பாவசங்கீர்த்தனத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ள சபை அனுமதிக்கிறது. நோயாளி சம்மதித்தால் போதும். ஆனால் கேட்டதை நீ சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது. உன் கணவரிடம் கூட. முடியுமா?"

முடியும் என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக்கூடாது.

அவர் முறைகளைக் கற்றுக்கொடுத்தார். நான் நோயாளியின் தலைமாட்டில், அவர் கண்ணில் படாதபடி நிற்க வேண்டும். அவர் ஃபாதரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், என்னைப் பார்த்து அல்ல. "இவர் செய்தாராம்" என்று சொல்லக்கூடாது. "நான் செய்தேன்" என்றே சொல்ல வேண்டும். புரியாவிட்டால் கேட்கலாம், ஆனால் நானாக ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. கைப்பை, போன், பேனா எல்லாம் திரைக்கு வெளியே இருக்க வேண்டும். முடிந்து வெளியே வந்ததும் நோயாளியைப் பற்றி ஃபாதரிடம்கூட ஒரு வார்த்தை பேசக்கூடாது. காரில் திரும்பும்போது நாங்கள் வழியில் தெரிகிற கடைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவோம்.

ஆரம்பத்தில் ஒரு தப்புச் செய்தேன். ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்க எனக்குக் கூசியது. அவர்மேல் பரிதாபமும் வந்தது. நீளமாகச் சொன்னதை நான்கு வார்த்தையில் சுருக்கி, மழுப்பி, ஃபாதரிடம் சொன்னேன். ஃபாதர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் இவ்வளவு நேரம் பேசினார். நீ எனக்குக் கொடுத்தது இவ்வளவுதானா? மீதி எங்கே?"

ஃபாதர் குரலைத் தாழ்த்தினார்.

"அவரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாய். அவர் இறக்கி வைக்க வந்ததில் பாதியை நீ திரும்ப அவர் தலையிலேயே ஏற்றுகிறாய். முழுசாகச் சொல்."

முழுசாகச் சொன்னேன். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் மழுப்பியதில்லை. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், சில சமயம் பக்கத்து ஊரான மேருவில் யாராவது வீட்டில். கேட்டவை எல்லாம் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிட்டன. மங்காதது சவேரியம்மாள் சொன்னது மட்டும்தான்.

சவேரியம்மாளை எங்கள் பங்கில் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தை விற்றபோது வெளியேறி மேருவில் வந்து குடியிருந்தவர். புருஷன் சீக்கிரம் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அல்போன்ஸ், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டினான். இளையவன் ஜெரால்டு, மேருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தம்பியை வேலை முடிந்ததும் காரில் கூட்டிவருவது அல்போன்ஸின் வழக்கம். ஒரு நாள் இரண்டு பேருக்கும் ஏதோ சின்னச் சண்டை. அல்போன்ஸ் போகவில்லை. தம்பி பலமுறை போன் செய்தும் எடுக்கவில்லை. நல்ல மழை. ஜெரால்டு நண்பனின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பி, ஒரு லோரிக்கு அடியில் போய்விட்டான். இருபத்திரண்டு வயது.

அடக்கத்தின்போது சவேரியம்மாள் எல்லாருக்கும் முன்னால் மூத்தவனிடம் சொன்னார்: "இனிமே என் மூஞ்சில முழிக்காத." இது ரகசியம் இல்லை. ஊரே கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் மகனிடம் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே தமிழ்ப் பூசைக்கு வருவார்கள். அம்மா முன் வரிசையில் உட்காருவார். மகன் கடைசி வரிசையில், பக்கக் கதவை ஒட்டி நிற்பான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் கோயிலே திரும்பித் திரும்பிக் கும்பிடும். அவன் மட்டும் முன் வரிசையைப் பார்த்துக் கைகூப்பியபடி நிற்பான். அந்த அம்மாள் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. நான் பாடல் குழுவில் இருந்ததால் இரண்டு முகங்களும் எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது வருடம் சவேரியம்மாளுக்கு ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருடைய தங்கை மகள்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து, பெரியம்மா ஃபாதரைக் கேட்கிறார் என்றாள்.

நானும் ஃபாதரும் போனோம். பார்வையாளர் நேரம். வார்டில் கூட்டம். வார்டு மிஸ்ஸி, நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், பச்சைத் திரையை இழுத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சவேரியம்மாள் மஞ்சளாக, சின்னதாகக் கிடந்தார். மொழிபெயர்க்க என்னை வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டேன். "நீதானே, இரு" என்றார். நான் தலைமாட்டுக்குப் போனேன். ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது அணிகிற ஊதா நிறப் பட்டையை முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

என்ன சொன்னார் என்பதை உங்களுக்கும் சொல்லமாட்டேன். மகனைப் பற்றிச் சொன்னாரா, சொல்லவில்லையா என்பதையும் சொல்லமாட்டேன்.

முடிந்தது. ஃபாதர் பாவமன்னிப்பு ஆசீர் கொடுத்தார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். நற்கருணை கொடுத்தார். பட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்து, எண்ணெய்ச் சிமிழின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அப்போது சவேரியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து, என் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஃபாதருக்குப் புரியவில்லை. உலகத்தில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

லிஃப்ட் பக்கத்தில் அல்போன்ஸ் நின்றுகொண்டிருந்தான். வேலைச் சட்டையோடு வந்திருந்தான். மூன்று நாளாக வருகிறானாம், வார்டுக்குள் வரவில்லை. தங்கை மகள்தான் தடுத்தாளா, அவனுக்கே தைரியம் இல்லையா, தெரியாது.

"அக்கா, அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது அல்போன்ஸ். உள்ள போய்ப் பாரு."

"போனா அவங்களுக்குப் படபடன்னு வந்துட்டா? அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்னு ஆயிடும்லா."

அவன் கண் சிவந்திருந்தது. நான் லிஃப்டுக்குள் போய்விட்டேன்.

காரில் முதல் முறையாக முறையை மீறினேன். "ஃபாதர், நீங்கள் பட்டையைக் கழற்றிய பிறகு அந்த அம்மாள் என்னிடம் ஒன்று சொன்னார். அது பாவசங்கீர்த்தனத்தில் சேருமா, சேராதா?"

ஃபாதர் காரை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லாதே. சொன்னால் அது அப்போதே வெளியே வந்துவிடும். முன்னால் சொன்னதின் தொடர்ச்சியா அது?"

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வேண்டாம். அதைக்கூடச் சொல்லாதே. கேட்டது என் தப்பு. உனக்குச் சந்தேகமாக இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்."

"சந்தேகமாக இருக்கிறது ஃபாதர்."

"அப்படியானால் உள்ளேயே இருக்கட்டும்." ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதைத் திறக்க ஒரே ஒருத்தருக்குத்தான் உரிமை. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். நீ தனியாகத் திரும்பிப் போய், 'அம்மா, நீங்கள் கடைசியாகச் சொன்னதை நான் வெளியே சொல்லலாமா?' என்று கேள். அவர் சரி என்றால் சரி. இல்லை என்றால் இல்லை. சீக்கிரம் போ ரெஜினா."

சீக்கிரம் போ என்று சொன்னார். அந்த ஞாயிறு எங்கள் பங்குத் திருவிழா. பாட்டுப் புத்தகம் அச்சகத்திலிருந்து தப்பாக வந்திருந்தது, பக்கங்கள் மாறிக் கிடந்தன. சனிக்கிழமை முழுக்கப் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தோம். தேர் அலங்காரத்துக்குப் பூ வரவில்லை. போலீஸ் அனுமதிக் கடிதத்தில் தெருப் பெயர் மாறியிருந்தது. எல்லாரும் "ரெஜினா அக்கா, ரெஜினா அக்கா" என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்கக்கூடாது. நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிற நினைப்பு. ஆஸ்பத்திரி கால் மணி நேர வழி. சனிக்கிழமை போயிருக்கலாம். ஞாயிறு தேர் திரும்பிய பிறகும் போயிருக்கலாம். கால் வலி, திங்கட்கிழமை போகலாம் என்று படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை போனபோது சவேரியம்மாளுக்கு நினைவு இல்லை. வாயில் குழாய் வைத்திருந்தார்கள். காதருகே குனிந்து, "அம்மா, ரெஜினா வந்திருக்கேன். நீங்க சொன்னதைச் சொல்லலாமா?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். மிஸ்ஸி, "கேக்காதுக்கா" என்றார். மறுநாள் காலையில் சவேரியம்மாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த நாள் அல்போன்ஸ் அலுவலகத்துக்கு வந்தான். நான் இறப்புப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் உட்காரவில்லை.

"அக்கா, நான் என்ன சொன்னாங்கன்னு கேக்கல. எனக்கு அது வேணாம். மன்னிச்சிட்டாங்களா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க."

"அல்போன்ஸ், என்னால முடியாதுப்பா."

"வாயால சொல்ல வேணாம். தலையை ஆட்டுங்க. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

நான் இரண்டு கைகளையும் பதிவேட்டின்மேல் வைத்துக்கொண்டேன். தலையை அசைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல வருடமாகப் பழகிய பழக்கத்தில் முகத்தை ஒன்றும் இல்லாததாக ஆக்கிக்கொண்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சுவரில் மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பியது.

"சரிக்கா" என்றான். "புரிஞ்சிடுச்சு."

"நீ ஒண்ணும் புரிஞ்சுக்காத. யார் வந்து எதைக் கேட்டாலும் நான் இப்படித்தான் இருப்பேன். என் மூஞ்சில எதையும் படிக்காத, தயவுசெஞ்சு."

"சரிக்கா. நன்றி." கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

நான் ஃபாதரிடம் போய், அவனைப் பார்த்துப் பேசுங்கள் என்று அழுதேன். அவர் அன்று சாயங்காலமே மேருவுக்குப் போனார். திரும்பி வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"கடவுள் மன்னிப்பார் என்று சொன்னேன். 'அவர் மன்னிச்சிட்டாரு ஃபாதர், அது எனக்குத் தெரியும். நான் கேக்கறது எங்கம்மாவை' என்றான்."

நீ எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனாய், ஏன் திங்கட்கிழமை வரைக்கும் போகவில்லை என்று ஃபாதர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, மாற்றலாகிப் போகும்வரை ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். எனக்கு அது உதவியாக இருந்திருக்கும்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கொம்யூட்டர் ரயில் பிடித்துக் கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் என்னை யாருக்கும் தெரியாத ஒரு கோயிலுக்கு நடந்து போனேன். அங்கிருந்த ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். யாரைப் பற்றியது, எதைப் பற்றியது என்று சொல்லவில்லை. செத்துக்கொண்டிருந்தவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது, மூன்று நாள் தாமதித்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"தாமதித்த நாட்களில் என்ன செய்தீர்கள்?" என்றார்.

"கோயில் வேலை ஃபாதர்."

"அப்படியானால் அது பாவமே இல்லை அம்மா. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்." ஒரு பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சேலைக் கடைகளில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே நடந்து ஸ்டேஷனுக்கு வந்தேன். பாவமே இல்லை என்று சொல்லிவிட்டால் மன்னிக்க அங்கே என்ன இருக்கிறது? போனபோது இருந்ததைவிடத் திரும்பும்போது அதிகமாகக் கனத்தது.

அல்போன்ஸ் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் மனைவி மேகலா இந்து. வருடா வருடம் சவேரியம்மாளின் நினைவு நாளுக்கு அவள்தான் பூசை எழுதிவைக்க வருவாள். பூசை கேட்பவர் பெயர் என்ற இடத்தில் நான் அல்போன்ஸ் என்று எழுதப் போனால், "வேணாம்க்கா, குடும்பத்தார்னு போடுங்க, அவரு பேரு போட வேணாம்னு சொல்லிட்டாரு" என்பாள். அப்படியே போட்டேன். ஆறு வருடம் அப்படியே அறிவிப்புத்தாளில் வந்தது. இந்த ஆறு வருடத்தில் அவனை இரண்டு தடவைதான் பார்த்தேன். ஒரு தடவை பாசாரில். ஒரு தடவை ட்ராஃபிக் விளக்கில் அவன் லோரியில், நான் பஸ்ஸில். இரண்டு தடவையும் தலையை மட்டும் மரியாதையாக அசைத்தான்.

அவனிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பஸ் ஸ்டாப்பில், சமையல் கட்டில், பூசையின் நடுவில். இதைப் படித்துவிட்டு, இவள் இவ்வளவு தவிக்கிறாள், அப்படியானால் அந்த அம்மாள் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நீங்கள் ஒரு பக்கமாகச் சாய வேண்டாம். அவர் எதைச் சொல்லியிருந்தாலும் நான் தவித்திருப்பேன். வாங்கியிருக்க வேண்டிய அனுமதியை வாங்காமல் விட்டதுதான் என் தவிப்பு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஒரு காலையில் மேகலா தலை கலைந்து, உறவினர் ஒருவரோடு அலுவலகத்துக்கு வந்தாள். போர்ட்டில் லோரி வரிசையில் நின்றபோது ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டானாம். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து, இறங்கி வந்து பார்த்தபோது உயிர் இல்லை. நாற்பத்தேழு வயது.

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு அடக்கத்துக்கான விண்ணப்பப் பாரத்தை எடுத்தேன். கல்லறை வரைபடத்தை மேசைமேல் விரித்தேன். சவேரியம்மாள் அடங்கியிருக்கும் இடத்துக்கு ஒரு பக்கம் ஜெரால்டு. மறுபக்கம் காலி.

"அம்மா பக்கத்துலயே இடம் இருக்கு மேகலா. அங்கேயே போட்டுடுறேன்."

அவள் தலையை ஆட்டினாள். "வேணாம்க்கா. அவரு முன்னாடியே சொல்லி வச்சிருக்காரு. அம்மா பக்கத்துல என்னைப் படுக்க வைக்காதீங்க, அவங்களுக்குப் பிடிக்காதுன்னு."

"அவங்களுக்குப் பிடிக்காதுன்னு யார் சொன்னா?"

கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

"நீங்க வாயால சொல்லலக்கா" என்றாள் மேகலா. அவள் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "ரெஜினா அக்கா நல்லவங்க, சொல்ல மனசு வராம இருந்தாங்க, ஆனா மூஞ்சியிலேயே தெரிஞ்சிடுச்சுன்னு சொல்லுவாரு. உங்க மேல அவருக்குக் கோபமே இல்லக்கா."

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று சொன்னால் அது பொய் இல்லை. வந்தது என்ன என்பதைச் சொல்லமாட்டேன். இனி சொல்லியும் யாருக்கு?

வேலிப் பக்கம், கடைசி வரிசையில் ஓர் இடம் எழுதிக் கொடுத்தேன். மேகலா கையெழுத்துப் போட்டாள். அடக்கத்தன்று மழை இல்லை. நான் அம்மா, மகன் இரண்டு கல்லறைகளுக்கும் நடுவில் எங்கோ நின்றேன்.

சவேரியம்மாளுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தை அடுத்த வருடம் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாரத்தையும் நான்தான் நிரப்பினேன்.